எல்லோருக்கும் சக்கரம்தான் வேண்டும்

மண் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோருக்கும் சக்கரம்தான் வேண்டியிருக்கிறது. பட்டறைக்குள் நுழைந்ததும் கண் நேரே அங்கேதான் போகிறது. "அக்கா, எப்போ சக்கரத்துல உட்காரலாம்?" வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட வாளிகள் வரிசையாக நிற்கின்றன. சீவி எடுத்த மண்ணும் சரியாக வராத பாத்திரங்களும் அவற்றில் ஊறிக்கொண்டிருக்கும். "இது எதுக்கு?" என்று கேட்பவர் அபூர்வம். பிசையும் பலகையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. காயவைக்கும் தட்டுகளை ஒதுக்கிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

சக்கரத்தில் ஒரு பாத்திரம் எழும்பி வருவது பார்க்க அழகுதான். இத்தனை வருஷம் கழித்து எனக்கும் அது அலுக்கவில்லை. ஆனால் ஒரு தேநீர்க் கோப்பை சக்கரத்தின் மேல் இருக்கும் நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. மண்ணைத் தயார் செய்வதில் தொடங்கி, சூளையிலிருந்து எடுத்து, அடியைத் தேய்த்து வழவழப்பாக்கி, கடைக்கு அனுப்புவதுவரை அதே கோப்பைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது. அந்த ஐந்து நிமிடத்தைக் கற்றுக்கொள்ளக் கூட்டம் வருகிறது. மீதி வாரங்களைக் கற்றுக்கொள்ள ஆளில்லை. என் ஆதங்கம் மொத்தமும் இதுதான்.

1971-ல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண் வேலை பயின்றவர். ரே அமெரிக்காவில் படித்தவர். அங்கே மாதக்கணக்கில் இருந்து கற்றவர்கள், வேலை பார்த்தவர்கள் வழியாகத்தான் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இத்தனை பட்டறைகள் கிளைத்தன. உயர் சூட்டில் வேகும் ஸ்டோன்வேர் பாத்திரத்துக்கு இந்த ஊர் பேர் வாங்கியதும் அப்படித்தான். இப்போது சனி, ஞாயிறு வந்தால் இரண்டு மணி நேர வகுப்பு என்று அறிவிப்பு வருகிறது. மண் பிசைந்து, எடை போட்டு, உருண்டை பிடித்துத் தயாராக வைத்திருப்பார்கள். வந்தவர் சக்கரத்தில் உட்கார்ந்து, பின்னால் ஒருவர் கை பிடித்துக் கொடுக்க, ஒரு கிண்ணம் வரும். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிண்ணத்தைக் காயவைப்பது, அடி சீவுவது, சுடுவது, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் போடுவது, மறுபடி சுடுவது எல்லாம் வேறொருவர். ஒரு மாதம் கழித்து கூரியரில் பாத்திரம் வீட்டுக்கு வரும். காலையிலேயே வந்து அந்த உருண்டைகளைப் பிடித்துவைத்த உதவியாளின் முகத்தைக்கூட வந்தவர் பார்த்திருக்க மாட்டார். இப்படி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்களில் சிலர்தான் அடுத்த மாதமே சக்கரம் வாங்கி, சூளை வாங்கி, பிறகு "ஒண்ணுமே சரியா வரமாட்டேங்குது" என்று எனக்கு போன் செய்கிறார்கள். எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. அவர்களுக்குப் பாதித் தொழிலைக்கூடக் காட்டாமல் அனுப்பியவர்கள் மேல்தான்.

மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். வீணான மண்ணைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் முதலில் அது முழுக்கக் காய வேண்டும். அரை ஈரத்தோடு வாளியில் போட்டால் வெளியே சேறாகி, உள்ளே கட்டிகட்டியாக அப்படியே நிற்கும். வாரக்கணக்கில் கிடந்தாலும் கரையாது. நன்றாகக் காய்ந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி விட்டபடி, கண் முன்னாலேயே தானாக உதிர்ந்து அடியில் படியும். கை வைக்கவே வேண்டாம். இரண்டு நாள் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, சல்லடையில் தேய்த்து இறக்கி, பிளாஸ்டர் பலகையில் பரப்பினால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்தப் பலகையைக் கத்தியாலோ கம்பியாலோ சுரண்டக் கூடாது. பிளாஸ்டர் துணுக்கு ஒன்று மண்ணில் சேர்ந்தாலும் தொல்லை. ஏரி மண்ணில் வரும் சுக்கான்கல்லும் கிளிஞ்சல் துண்டும் அதே தொல்லையைத்தான் கொடுக்கும். சூளைச் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்தபின் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, நீறி, உப்பி, பாத்திரத்தின் சுவரைச் சில்லாகப் பெயர்த்துத் தள்ளும். இது நடப்பது பட்டறையில் இல்லை. விற்று முடித்துப் பல நாள் ஆனபின், வாங்கியவர் வீட்டு அலமாரியில் நடக்கும். சல்லடையில் வடி என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான்.

பிசைவதற்கு வருகிறேன். பலகை இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தோளாலும் மணிக்கட்டாலும் அழுத்தாதீர்கள். ஒரு காலை முன்னே வைத்து, உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். இல்லாவிட்டால் சில வருஷத்தில் மணிக்கட்டு போய்விடும். எவ்வளவு நேரம் பிசைய வேண்டும் என்று கேட்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மண்ணைப் பார்த்தால் போதும். பிசைந்த கட்டியைக் கம்பியால் குறுக்கே அறுத்து, வெட்டின முகத்தைப் பாருங்கள். ஒரே நிறமாக இருக்கிறதா, ஓட்டை தெரிகிறதா, விரலால் ஓரத்திலும் நடுவிலும் அழுத்தினால் ஒரே அளவு உள்ளே போகிறதா? ஓரம் கெட்டியாகவும் நடு இளக்கமாகவும் இருக்கிற மண்ணைச் சக்கரத்தில் வைத்துவிட்டு, "சென்டரே ஆக மாட்டேங்குதுக்கா, எனக்குக் கை வராது போல" என்று கலங்கி நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷக் கையால்கூட அந்த மண்ணை நடுவில் நிறுத்த முடியாது. பத்து நிமிடம் பிசையும் பலகை முன்னால் நின்றிருந்தால் அந்தக் கண்ணீர் தேவையே இல்லை.

இனி காயவைப்பது. இதில்தான் பாதிப் பாத்திரம் போகிறது. இதைத்தான் யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. செய்து முடித்தாயிற்று, காய்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். மண் காயும்போது சுருங்கும். எல்லா இடமும் ஒரே வேகத்தில் சுருங்கினால் பிரச்சினை இல்லை. வாய் மெல்லியது, சீக்கிரம் காயும். அடி தடிமன், மெதுவாகக் காயும். வாய் சுருங்கி முடித்து நின்றுவிட்ட பிறகு அடி சுருங்கத் தொடங்கினால் எங்காவது கிழிந்துதான் ஆக வேண்டும். கத்திரி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே வைத்த கோப்பை மாலைக்குள் கீறிவிடும். வாயை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, பாதி காய்ந்து கையில் எடுக்கிற பதம் வந்ததும் கவிழ்த்து வையுங்கள். அடியும் காற்றைப் பார்க்கட்டும். கோப்பையின் அடியில் வளைந்து நெளிந்து ஒரு விரிசல் வருகிறதென்றால், சக்கரத்தில் அடியைத் திறந்தபோது அதை அழுத்தி இறுக்காமல் விட்டிருக்கிறீர்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலால் நாலைந்து முறை அழுத்திப் போனால் போதும். உள்ளே தேங்கின தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கைப்பிடி விழுகிறது, கைப்பிடி விழுகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். கோப்பை காய்ந்துவிட்டது, கைப்பிடி பச்சை மண்ணாக இருக்கிறது. இரண்டும் எப்படி ஒட்டும்? இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, ஒட்டுகிற இடத்தைக் கீறி, மண்குழம்பு தொட்டு, அழுத்தி வைத்து, இரண்டு நாள் மூடி வையுங்கள். கோப்பையின் ஈரமும் கைப்பிடியின் ஈரமும் அந்த இரண்டு நாளில் சமமாகிவிடும். மூடி போட்ட பாத்திரமென்றால் மூடியையும் பாத்திரத்தையும் ஒரே நாளில், ஒரே மண்ணில் செய்து, மூடியபடியே காயவைத்து, மூடியபடியே முதல் சூடு கொடுங்கள். மூடியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது எந்தக் காலத்திலும் பொருந்தாது.

சூளையில் பாத்திரம் வெடித்தால் உடனே "உள்ளே காற்றுக் குமிழி இருந்திருக்கும்" என்கிறார்கள். புத்தகத்தில் படித்தவர்களும் சொல்கிறார்கள், வகுப்பு எடுப்பவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. காற்றுக் குமிழி வெடிக்காது. காய்ந்த மண்ணில் காற்று கசிந்து வெளியே போக எத்தனையோ நுண்துளை இருக்கிறது. உள்ளே கூடு உள்ள பொம்மைகள் எத்தனையோ பத்திரமாக வேகின்றன. வெடிக்கவைப்பது ஈரம். சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது தடிமனான சுவருக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. வெளியேற நேரம் கொடுக்காமல் சூட்டை ஏற்றினால் ஆவி சுவரைத் தூக்கி எறிகிறது. குமிழியைக் குற்றம் சொல்லிவிட்டால் அவசரப்பட்டு ஏற்றிய சூட்டைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை, அதனால்தான் இந்தப் பொய் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

பாத்திரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அதன் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் எடை குறையாமல் அப்படியே இருந்தால்தான் காய்ந்தது. புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இதுவும் போதாது. காற்றே நனைந்திருக்கும்போது மண் எவ்வளவு நாள் வைத்தாலும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்த மாதங்களில் சூளையை 90 டிகிரிக்கு மேல் போகாமல் இரவு முழுக்க வைத்திருங்கள், எட்டிப் பார்க்கும் துளையைத் திறந்தே வையுங்கள். காலையில் சின்னக் கண்ணாடி ஒன்றை அந்தத் துளைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியில் மூட்டம் படிந்தால் இன்னும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது, சூட்டை ஏற்றாதீர்கள். கண்ணாடி தெளிவாக நின்றால் ஏற்றலாம். விலையில்லாத சோதனை இது. இதைச் செய்யச் சொன்னால் "டிஜிட்டல் மீட்டர் இருக்கே அக்கா" என்கிறார்கள். மீட்டர் சூளையின் சூட்டைத்தான் சொல்லும், உங்கள் பாத்திரத்தின் அடியிலிருக்கும் ஈரத்தைச் சொல்லாது.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. செய்ததையெல்லாம் சுட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். முதல் கிண்ணம், கோணல் கிண்ணம், செங்கல் கனத்தில் ஒரு கிண்ணம், எல்லாவற்றையும் சூளைக்கு அனுப்ப வேண்டும். "முதல்ல பண்ணினது அக்கா, ஞாபகமா இருக்கட்டும்." நான் சொல்வது நேர் எதிர். முதல் பல நாட்களுக்குச் செய்கிற எல்லாவற்றையும் சக்கரத்திலேயே கம்பியால் நெட்டாக இரண்டாக அறுத்துப் பாருங்கள். சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, மண் எல்லாம் அடியில் தங்கிவிட்டதா என்று வெட்டுமுகத்தில் தெரியும். ஆயிரம் வீடியோ சொல்லித் தராததை அந்த வெட்டுமுகம் சொல்லித் தரும். ஒரு இளைஞனின் கிண்ணத்தை அவன் அனுமதியோடு அப்படி அறுத்தேன். மேல் பாதி ஒரு தகடாகவும் கீழ் மூலை கட்டைவிரல் தடிமனாகவும் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த உருண்டையில் அந்த மூலையில் விரல் தானாகவே நின்று மண்ணை மேலே இழுத்தது. நான் வாய் திறக்கவே இல்லை.

சுடாத மண் திரும்ப மண்ணாகும். தண்ணீரில் போட்டால் கரையும், பிசையலாம், மறுபடி செய்யலாம். ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் மண்ணின் உள்கட்டமைப்பிலேயே கட்டுண்டிருந்த தண்ணீரும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது திரும்பிக் களிமண் ஆகவே ஆகாது. ஆதிச்சநல்லூரின் தாழிகளும் கீழடியின் கறுப்பு-சிவப்புப் பாத்திரங்களும் இன்றைக்கும் நம் கையில் கிடைப்பது அதனால்தானே. அவ்வளவு காலம் நிற்கப்போகிற ஒரு பொருளைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தால், ஊற்றினால் ஒழுகுகிற குவளையைச் சுட மனம் வருமா? அதை வேகவைக்க விறகோ மின்சாரமோ செலவாகிறது. நல்ல பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தைச் சூளையில் அது அடைத்துக்கொள்கிறது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வாளியில் போடுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

எடை போட்டுச் செய்வதையும் யாரும் விரும்புவதில்லை. கோப்பைக்கு 350 கிராம் என்றால் ஒவ்வொரு உருண்டையும் 350 கிராம். ஒரே கோப்பையை இருபது முறை செய்யுங்கள். பதினைந்தாவதில்தான் கை யோசிக்காமல் வேலை செய்யத் தொடங்கும். கூடவே உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பச்சை மண்ணில் ஒரு பட்டை செய்து, 10 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, கடைசிச் சூடு வரை கொடுத்து அளந்து பாருங்கள். 8.8 வந்தால் 12 சதவீதம் சுருக்கம். 10 சென்டிமீட்டர் கோப்பை வேண்டுமானால் சக்கரத்தில் 11.4 இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஆர்டர் எடுத்துவிட்டு, கோப்பை சாசரில் உட்காரவில்லை என்று வந்து நிற்கிறார்கள்.

கிளேஸ் விஷயத்தில் என்னைப் படுத்தும் கேள்வி ஒன்றே ஒன்று. "ரெசிப்பி குடுங்க அக்கா." கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். ஆனால் ரெசிப்பி மட்டும் போனால் என்ன பயன்? அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கும் கெர்ஸ்ட்லி போரேட் கலிஃபோர்னியாவில் வெட்டி எடுத்த கனிமம். அதற்குப் பதிலாக என்ன போடுவீர்கள்? நமக்கு ராஜஸ்தானிலிருந்து வரும் ஃபெல்ட்ஸ்பாரில் பொட்டாஷ் எவ்வளவு, சோடா எவ்வளவு என்று மூட்டைக்கு மூட்டை மாறுகிறது. சவுக்கு விறகுச் சூளையில் வந்த நிறம் மின்சூளையில் வராது. என் மண்ணில் அழகாக நிற்கிற கிளேஸ் உங்கள் மண்ணில் மயிரிழை மயிரிழையாகக் கீறும். ஒவ்வொரு புது மூட்டைக்கும் சோதனைத் துண்டு போடுங்கள். துண்டின் பின்னால் தேதி, எடை, எத்தனை முக்கு, சூளையில் எந்தத் தட்டு என்று இரும்பு ஆக்சைடில் எழுதுங்கள். அதையே நோட்டிலும் எழுதுங்கள். வாளியின் அடியில் கெட்டியாகப் படிந்ததைக் கையால் கிளறி, சல்லடையில் வடித்து, கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவந்து அப்புறம் முக்குங்கள். அடியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் வைத்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டு தட்டும் போச்சு, பாத்திரமும் போச்சு. நோட்டு எழுதச் சொன்னால் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்த போட்டோவைத் தேடுகிறார்கள்.

வாங்குகிறவர்களும் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. "மைக்ரோவேவில் வைக்கலாமா?" இது எல்லோரும் கேட்கிறார்கள். "இதில் புளிக்குழம்பு வைக்கலாமா, எலுமிச்சை ஊறுகாய் போடலாமா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? நம் வீட்டுச் சமையலில் புளி, மோர், எலுமிச்சை, தக்காளி இல்லாத நாளே கிடையாது. புளிப்பு, சரியாக உருகிச் சேராத கிளேஸிலிருந்து உலோகத்தை இழுத்துச் சாப்பாட்டில் சேர்க்கும். ஈயம் கலந்த எதையும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நினைத்தே பார்க்கக் கூடாது. தாமிரம் அதிகம் போட்ட பச்சை, பேரியம் போட்ட மங்கல் கிளேஸ் இவற்றை வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நன்றாக உருகின, நிறமி குறைவான கிளேஸ் போடுங்கள். எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கிளேஸின் மேல் ஒரு முழு நாள் வைத்து, கழுவிப் பாருங்கள். அந்த இடம் வெளுத்திருந்தாலோ சொரசொரத்திருந்தாலோ அந்தப் பாத்திரம் சாப்பாட்டுக்கு ஆகாது. வெளுக்காவிட்டாலும் விற்பனைக்குப் போகிறதென்றால் சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். மைக்ரோவேவ் கேள்விக்கும் பதில் கைவசம் இருக்கிறது. கிளேஸ் போடாத, கடைசிச் சூடு கொடுத்த துண்டு ஒன்றை எடை போட்டு, சில மணி நேரம் கொதிக்கவிட்டு, இரவு ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் 102 ஆனால் 2 சதவீதம் தண்ணீர் குடிக்கிறது. அதற்கு மேலே போகப் போகப் பாத்திரம் மைக்ரோவேவில் கை சுடும், கிளேஸுக்கு அடியில் ஈரம் கசிந்து நிற்கும். இத்தனை சொன்ன பிறகும் "கலர் வேற இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. தயவுசெய்து பட்டறையில் துடைப்பத்தைத் தொடாதீர்கள். நல்ல பிள்ளைகள், வேலை முடிந்ததும் உதவி செய்ய நினைத்து, காய்ந்த மண் கிடக்கும் தரையைப் பெருக்க வருவார்கள். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். களிமண்ணிலும் கிளேஸிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணில் படாத நுண்தூள்தான் ஆபத்தானது. அது மூச்சோடு நுரையீரலின் கடைசி வரை போய்த் தங்கிவிடும். வருஷக்கணக்கில் தங்கத் தங்க அங்கே தழும்பு விழும். சிலிக்கோசிஸ் என்பது அதுதான். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. ஈரத் துணியால் துடையுங்கள், தண்ணீர் விட்டு மாப் போடுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பாதி காய்ந்த பதத்திலேயே ஈர ஸ்பாஞ்சால் ஓரத்தை மழுங்கடித்துவிட்டால் தேய்க்கும் வேலையே இல்லை. பொடி கலக்கும்போது மின்விசிறியை அணைத்துவிட்டு, முகத்தில் இறுகப் படியும் என்95 முகக்கவசம் போடுங்கள். துணிக் கவசம் இந்தத் தூளைத் தடுக்காது. ஏப்ரனைப் பட்டறையிலேயே கழற்றித் துவையுங்கள், குழந்தை தூங்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மணி நேர வகுப்பில் வெள்ளைப் புழுதி பறக்கப் பறக்கக் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் அங்கே தினமும் நிற்கிற உதவியாளுக்கு?

சூளையைப் பற்றி ஒன்றுதான். திறக்காதீர்கள். 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறுகிறது. ஆறும்போது அந்தச் சூட்டில் குளிர்காற்று பட்டால் பாத்திரம் நெடுகப் பிளக்கும். கையால் தொடுகிற சூட்டுக்கு வரும்வரை கதவு மூடியே இருக்கட்டும். வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றாலும் மூடியே இருக்கட்டும்.

சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிற வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று பரம்பரையாகப் பானை செய்கிறது. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல், விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார். பொங்கல் நெருங்கினால் கேமராவோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். பெரியவரைச் சக்கரத்தில் உட்காரச் சொல்லி, சுற்றச் சொல்லி, வாய் விரிவதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பானை அத்தோடு முடிந்துவிடுகிறதா? சக்கரத்தில் வாயும் தோளும்தான் வருகின்றன. அடியே இல்லாமல் அறுத்து எடுத்து, பாதி காய்ந்தபின் மடியில் வைத்து, உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டை அடி மூடுகிறது. அடுப்பில் ஏறி நிற்கிற பானையின் வயிறு முழுக்கத் தட்டி எடுத்தது. விடியற்காலையில் மண்ணை மிதித்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, செய்ததைத் திண்ணையில் அடுக்கி, மேகம் கறுத்தால் ஓடிவந்து உள்ளே எடுத்துவைத்து, வைக்கோலும் விறகும் அடுக்கி மூட்டம் போடுகிற வரை பாதி வேலை அந்த வீட்டு அம்மாவுடையது. எந்தப் படத்திலும் அந்த அம்மா இல்லை. "எங்க வேலைய யாரு பாப்பாங்கம்மா, சுத்துறதத்தான் பாக்குறாங்க" என்று ஒருமுறை அவர் சொன்னார். வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை, இப்படித்தான் இருக்கும் என்ற தொனியில் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

சக்கரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு விலையும் உறைக்காது. "மண்ணுதானே மேடம், இதுக்குப் போய் இவ்ளோவா?" ஐந்து நிமிடத்தில் எழும்பியதைப் பார்த்திருக்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்கு விலை போடுகிறார்கள். கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று நூறு கிண்ணம் கேட்டு வருகிறவர்கள் பத்து நாள் அவகாசம் தருகிறார்கள். மழை மாதத்தில் காய்வதற்கே இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னால், ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: நூறு கேட்டால் நூற்று இருபது செய்யுங்கள், உடைகிறதும் உங்கள் செலவுதான் என்று கணக்கில் சேர்த்து விலை போடுங்கள், காய்கிற நாளைக் குறைத்து வாக்குக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்காக ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் நூறும் போகும், கூட இருக்கிறவர்களின் பாத்திரமும் போகும்.

வகுப்பு எடுக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உருண்டை பிடித்துத் தயாராக வைப்பதை நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம்தான் என்றாலும் முதல் அரை மணி நேரம் வந்தவர்கள் தங்கள் மண்ணைத் தாங்களே பிசையட்டும், கம்பியால் அறுத்துப் பார்க்கட்டும். செய்ததில் ஒன்றையாவது அவர்கள் கண் முன்னால் இரண்டாக அறுத்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் வந்து தங்கள் கிண்ணத்தின் அடியைத் தாங்களே சீவட்டும். வர முடியாதவருக்குக் கூரியரில் அனுப்பவேண்டாம், அந்த மண் வாளிக்குப் போகட்டும். உங்களுக்காகக் காலையில் வந்து மண் பிசைகிறவரைக் கூப்பிட்டு, பேர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். கூட்டம் குறையும் என்று பயப்படுகிறீர்கள். குறையட்டும். மிச்சம் இருக்கிற நாலு பேருக்குப் பிசையவும் காயவைக்கவும் சுடவும் தெரிந்திருக்கும். எனக்கு அந்த நாலு பேர் வேண்டும். என் வாளிகள் நிறைந்து கிடக்கின்றன.